முறிய வேண்டிய தடி

ஏலத்தில் எனக்குப் போட்டியாக நின்றவருக்கு, குதிரை இழுக்கும் அந்தப் பழைய புல்வெட்டி இயந்திரம் தேவைப்பட்டது பூக்கன்று வைக்க. நீலப் பெயின்ற் அடித்து, இருக்கையில் ஒரு சாடியை இறுக்கி, பெற்றூனியா நட்டு வீட்டு வாசலில் நிறுத்தப் போவதாகப் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் காதில் விழாமல் இருந்திருந்தால் 100 டொலரோடு நானும் கையை இறக்கியிருப்பேன். 170இல் அவர் விலகினார். அதற்குப் பிறகுதான் நான் போய் அதைச் சரியாகப் பார்த்தேன். வேலியோரம் நின்ற மேப்பிள் கன்று ஒன்று இடது சில்லின் ஆரக்கால்களுக்கு உள்ளால் வளர்ந்து என் தொடை மொத்தம் ஆகியிருந்தது. மரத்தை அரிந்துதான் இயந்திரத்தை வெளியே எடுக்க முடிந்தது.

வீட்டில் மனைவி கேட்ட முதற் கேள்வி: "உந்தக் கறள் பிடிச்ச சாமானுக்கே 170 டொலர் குடுத்தனீங்கள்? குதிரை எங்கை?"

குதிரை இல்லைத்தான். நான் கனடாவில், ஒன்ராறியோவின் கிச்சினரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவன். குதிரை பூட்டிய ஆள் இல்லை. ஆனால் கிளிநொச்சியில் அப்பா வண்டில் வைத்திருந்தவர். பொடியனாய்ப் பக்கத்தில் குந்தியிருந்து சில்லுக்கு மை பூசிப் பழகிய கை. வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த அந்த மையின் மணம், இந்த இயந்திரத்தின் சில்லைக் கழற்றியபோது வந்த பழைய எண்ணெய் மணத்தில் இல்லவே இல்லை. ஆனாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

வாங்கியது மக்கோர்மிக்-டீரிங் 9ஆம் இலக்கம். இரண்டு குதிரைகள் இழுக்க, தீவனப்புல் வெட்டுகிற இயந்திரம். இன்ரர்நாசனல் ஹார்வெஸ்ரர் கம்பனி 1930களின் கடைசியில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வயலில் ரக்ரர் குதிரையை விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதாவது குதிரையால் இழுக்கும் புல்வெட்டிகளில் கடைசிப் பரம்பரை, நூறு வருட அனுபவத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டு வந்தது. அதனால்தான் இன்றைக்கும் வட அமெரிக்காவில் குதிரையோடு தோட்டம் செய்கிறவர்கள் இதைத் தேடித் திரிகிறார்கள்.

இதற்கு எஞ்சின் கிடையாது. நிலம்தான் எஞ்சின். குதிரை நடக்க, இரும்புச் சில்லு உருளும். சில்லின் குடத்துக்குள் பல்சக்கரமும் அதில் கொழுவுகிற நாக்குகளும் இருக்கின்றன. முன்னால் உருண்டால் நாக்கு பல்லில் கொழுவி அச்சைச் சுழற்றும், பின்னால் உருண்டால் கட கட என்று வழுக்கிவிடும். சைக்கிளின் பின்சில்லில் கேட்கிற அதே சத்தம்தான், அதைவிடக் கனமாய். அச்சு பற்சக்கரங்களைச் சுழற்ற, அவை வேகத்தைப் பல மடங்காக்கி முன்னால் இருக்கும் ஒரு சிறிய தட்டைச் சுழற்றும். அந்தத் தட்டின் ஓரத்தில் கொழுவிய ஒரு மரத் தடி சுழற்சியை இழுவையாக மாற்றும். அந்தத் தடிக்குப் பெயர் பிற்மன். அது வலது பக்கம் நிலத்தோடு நீட்டிக்கொண்டிருக்கும் 5 அடிச் சட்டத்துக்குள் ஒரு நீளக் கத்தியை அங்குமிங்கும் இழுக்கிறது. கத்தி என்றால் ஒரே கத்தி இல்லை. 3 அங்குல அகல முக்கோணத் தகடுகள் வரிசையாக ஒரு பட்டத்தில், அதாவது நீள இரும்புப் பட்டையில், றிவெற் அடித்திருக்கும். ஒவ்வொரு தகடும் தன் முன்னால் நிற்கிற கூர் மூக்குக் காப்புகளுக்கு நடுவே போய்வரும். கத்தரிக்கோலுக்கு இரண்டு இதழ் இருப்பதுபோல, இங்கே மேல் இதழ் தகடு, கீழ் இதழ் காப்புக்குள் பதித்த சிறு உருக்குத் துண்டு.

இதை எழுதும்போது எனக்கு ஒரு சங்கதி சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரொறன்ரோவில் இறங்கிய முதல் வருடம் கிங் வீதி ஸ்ரீற்காரில் வேலைக்குப் போவேன். மேற்குப் பக்கம் 915ஆம் இலக்கத்தில் ஒரு பழைய செங்கட்டிக் கட்டடம், மாசி-ஹரிஸ் என்ற பெயரோடு. இப்போது அது அடுக்குமாடி வீடு. அந்தப் பெயரைப் பார்த்து எனக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கள் ஊர் வயலில் உழுத சிவப்பு மாசி பேர்குசன் ரக்ரரின் மாசி இது! 1847இல் ஒன்ராறியோவின் நியூகாசிலில் தொடங்கிய மாசியும், 1857இல் பீம்ஸ்வில்லில் தொடங்கிய ஹரிசும் 1891இல் ஒன்றாகின. அவர்கள் அப்போது செய்தது ரக்ரர் இல்லை. குதிரை இழுக்கும் புல்வெட்டியும் கதிர்வெட்டியும்தான். அந்தக் காசில் கட்டியதுதான் 1894இல் திறந்த மாசி மண்டபம். பின்னாளில் அதே பெயருள்ள ரக்ரரைச் சென்னையிலும் செய்தார்கள். நாங்கள் ஊரில் 'மாசி' என்று மாதப் பெயரைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு ஓட்டிய மிசினின் பூட்டன், குதிரைக்குப் பின்னால் போன ஒரு கத்தி.

சரி, கராச்சுக்கு வருவோம்.

பழைய இயந்திரம் ஒன்றைப் பார்க்கப் போனால் எல்லோரும் சில்லையும் பெயின்ரையும் பார்ப்பார்கள். நான் முதலில் பற்சக்கரப் பெட்டியின் அடிப்பக்கத்தைத் தடவுவேன். 9ஆம் இலக்கத்தில் பற்சக்கரங்கள் மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் மிதக்கும். அது நல்ல வடிவமைப்பு. ஆனால் மூடி சரியாக இல்லாமல் 40 வருடம் வெளியே நின்றால் உள்ளே மழைத்தண்ணீர் இறங்கும். தண்ணீர் எண்ணெயைவிடப் பாரம், அடியில் தங்கும். ஒன்ராறியோக் குளிரில் அது உறைந்து விரிந்தால் வார்ப்பிரும்புப் பெட்டி வெடித்துவிடும். வெடித்த பெட்டியை ஒட்டலாம். முழுதாகச் சூடாக்கி, நிக்கல் கம்பியால், ஆறுதலாய், ஆறவும் ஆறுதலாய் விட்டு. ஆனால் அந்த வேலைக்கு இன்னொரு இயந்திரமே வாங்கிவிடலாம். என்னுடையதில் அடித் திருகாணியைக் கழற்றினேன். முதலில் ஒரு கோப்பை தண்ணீர், பிறகு தேநீர் நிறத்தில் ஏதோ ஒன்று, கடைசியில் கறுப்புச் சேறு. வெடிப்பு இல்லை. பல்லுகளில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளப்பாய் இருந்தது. நல்ல சகுனம். மண்ணெண்ணெய் ஊற்றி, சில்லைக் கையால் உருட்டி, வடித்து, திரும்ப ஊற்றி, மூன்று தரம்.

கறள் பிடித்த நட்டுகளோடு சண்டை போடக்கூடாது என்பது என் கொள்கை. ஊறவிட்டு இரண்டு நாள் மறந்துபோக வேண்டும். பிறகு கழற்றும் பக்கம் திருப்பாமல் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை. பிடி விட்ட சத்தம் ஒன்று வரும், 'டிக்' என்று. அதுவும் சரிவராவிட்டால் நட்டை மட்டும் சூடாக்கி, மெழுகுதிரியைத் தொட்டுவிட்டால் உருகிய மெழுகை மரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுத்தியல் கடைசி. வார்ப்பிரும்பு அடியைப் பொறுக்காது. அது வளையாது, முறியும்.

பெற்றோல் கானிலிருந்து பெயின்ற் வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்ல ஆள் இருந்தார்கள். கத்தியைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை. அதற்கு மில்வேர்ட்டன் பக்கம் ஒரு ஆமிஷ் கிழவரிடம் போனேன். ஆமிஷ் என்றால் புது இயந்திரங்களை ஒதுக்கிப் பழைய முறையில் வாழ்கிற ஒரு கிறிஸ்தவப் பிரிவு. வோட்டலூவைச் சுற்றியிருக்கும், அவர்களைப் போன்ற இன்னொரு பிரிவான பழைய ஒழுங்கு மெனோனைற் ஆட்கள் குதிரை வண்டிலில் தெருவில் போவதைப் பார்த்து, அவர்கள் வயலிலும் குதிரைதான் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலானவர்கள் வயலில் ரக்ரர்தான் ஓட்டுகிறார்கள். கிழவரின் ஆட்கள் வேறு. மீசை மழித்து தாடி மட்டும் விட்டவர். வயலுக்கும் பெல்ஜியன் குதிரைகள், ஒவ்வொன்றும் ஒரு தொன்னுக்குக் கிட்ட.

அவர் என் இயந்திரத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். நான் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சிவப்பு அடித்திருந்த சில்லுகளை அவர் பார்க்கவே இல்லை. கத்திச் சட்டத்தின் வெளி நுனியை ஒரு கையால் தூக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினார். அது மூன்று விரல் அகலம் ஆடியது.

"இது தளர்ந்திருக்கு. பெயின்ற் வடிவாயிருக்கு" என்றார்.

அன்றைக்கு அவர் காட்டித்தந்ததை எழுதுகிறேன், ஏனென்றால் இதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கத்திச் சட்டத்தின் உள் நுனி இயந்திரத்தோடு கீலில் பிடித்திருக்கிறது, வெளி நுனி அந்தரத்தில். வெட்டும்போது புல் அந்த வெளி நுனியைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே சும்மா நிற்கும்போது வெளி நுனி கொஞ்சம் முந்தி நிற்க வேண்டும். அடிக்குக் கால் அங்குலம், 5 அடிச் சட்டத்துக்கு ஒன்றேகால் அங்குலம். அப்போதுதான் வேலையில் அது நேராகி, பிற்மனும் கத்தியும் ஒரே கோட்டில் ஓடும். என்னுடையதில் கீல் ஊசிகள் தேய்ந்து வெளி நுனி ஒன்றரை அங்குலம் பிந்தி நின்றது. அப்படியே ஓட்டியிருந்தால் பிற்மன் கத்தியைச் சரிவாக இழுத்து, கத்தித் தலையை (பிற்மன் கத்தியோடு கொழுவுகிற இடத்தை) தின்று, குதிரைகளையும் பக்கவாட்டில் இழுத்து வருத்தியிருக்கும்.

அளந்தது ஒரு நூலால். பிற்மன் பெட்டிக்கு (தடி தட்டோடு கொழுவுகிற இடத்துக்கு) மேலால் கட்டி, கத்தித் தலைக்கு மேலால் இழுத்து, வெளி நுனிவரை. பிறகு நூலுக்கும் கத்தியின் முதுகுக்கும் இடைவெளி, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. லேசர் வைத்திருக்கிற தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்த எனக்கு அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நிற்க வெட்கமாயும் இருந்தது, சந்தோசமாயும் இருந்தது.

இரண்டாவது, கத்தி எட்டும் இடம். பிற்மன் ஒரு பக்கக் கடைசிக்குப் போகும்போது ஒவ்வொரு முக்கோணமும் ஒரு காப்பின் சரி நடுவில் நிற்க வேண்டும். மற்றப் பக்கக் கடைசியில் அடுத்த காப்பின் நடுவில். அரை அங்குலம் பிசகினாலும் ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் மென்று துப்பும். சட்டத்தை உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ சரிசெய்யலாம். பிறகு காப்புகள். முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் கீழ் இதழ்கள் எல்லாம் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கல்லில் இடித்து வளைந்தவற்றைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், அவை அதற்கேற்ற இரும்பு. மேலே கத்தியை அமத்திப் பிடிக்கும் கொழுக்கிகள் கடதாசி கனத்துக்கு மட்டும் இடைவெளி விட வேண்டும். இவ்வளவும் சரியென்றால் கத்தியைக் கையால் பிடித்து இழுக்க வரும்.

தகடு மாற்றுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. றிவெற்றைத் துளைத்து எடுக்க நான் துளைப்பானைத் தேடினேன். கிழவர் சிரித்தார். கத்தியை வைசில் (சாமானை இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) தகட்டு முனை கீழே பார்க்க, பட்டம் தாடையில் இருக்கும்படி இறுக்கி, தகட்டின் முதுகில் ஒரே அடி. இரண்டு றிவெற்றும் வெட்டுப்பட்டுத் தகடு விழுந்தது. 20 தகடு, 20 அடி. நான் தடக்குப்பட்டது மூன்றில்தான். புதிய தகடு, புதிய றிவெற், கீழே தடித்த இரும்பு, மேலே வட்டத் தலை வரும்வரை தட்டல். அந்த முக்கோணம் இன்றைக்கும் புதிதாய்க் கிடைக்கிறது. இன்ரர்நாசனல் ஹார்வெஸ்ரர் 1985இலேயே தன் விவசாயப் பிரிவை விற்றுவிட்டது. ஆனால் 3 அங்குல அளவு நிலைத்துவிட்டது. ரக்ரர்ப் புல்வெட்டிக்கும் அதே அளவு. பென்சில்வேனியாவிலும் ஒகாயோவிலும் ஆமிஷ் பட்டறைகள் இந்த 9ஆம் இலக்கத்துக்குப் புதிய காப்பும் கீலும் மட்டுமல்ல, புது இயந்திரமே செய்கின்றன. 1994இலிருந்து வருடாவருடம் குதிரைக் கருவிகளுக்கென்று ஒரு பெரிய கண்காட்சியும் நடத்துகிறார்கள். பழமைவாதிகள் என்று நாங்கள் நினைக்கிறவர்கள் அங்கே புதுச் சாமான் பார்த்துப் பேரம் பேசுவார்கள்.

ஒரு சனிக்கிழமை கிழவருக்கு நான் கையாள். அவரிடம் என்னுடையதைவிடப் பழைய வெட்டி ஒன்று இருந்தது, அதன் பிற்மன் பெட்டியின் உள்பூச்சு முழுதாய்த் தேய்ந்துபோனது. அந்தப் பூச்சு பபிற் உலோகம். வெள்ளீயமும் அந்திமனியும் செம்பும் கலந்தது. ஐசக் பபிற் என்ற அமெரிக்கர் 1839இல் கொண்டுவந்தது. பழையதை உருக்கி வெளியே ஊற்றினோம். பெட்டிக்குள் சுழலும் இரும்பு ஊசியை மெழுகுதிரிச் சுடரில் பிடித்துக் கரி படியவிட்டார், உலோகம் ஒட்டாமலிருக்க. பெட்டியையும் ஊசியையும் அடுப்பில் சூடாக்கினார். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் முகத்தில் வெடிக்கும் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நடுவைப் பார்த்து வைத்து, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்தார். உலோகம் ஊற்றும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க அவரிடம் வெப்பமானி இல்லை. ஒரு பைன் குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். குச்சி கருக வேண்டும், தீப்பற்றக்கூடாது. பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கிற என் அம்மா பக்கத்தில் நின்றிருந்தால் உடனே விளங்கியிருக்கும். ஒரே மூச்சில் ஊற்றினார். இடையில் நிறுத்தினால் இரண்டு படையாகிவிடும்.

ஆறியதும் ஊசி சுழன்றது. ஏன் இவ்வளவு மென்மையான உலோகம், வெண்கலம் போட்டால் நூறு வருடம் இருக்குமே என்று கேட்டேன்.

"ஊசி தேயும். ஊசிக்கு நான் எங்கை போறது? இதை நான் இந்த அடுப்பிலை செய்வன்" என்றார்.

பிறகு இயந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. கீழ் இதழ் தேயும், காப்பு தப்பும். தகடு உடையும், பட்டம் தப்பும். இதைச் செய்தவர்கள் எது கெட வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டார்கள். அதையும் வயலில் நிற்கிறவன் ஒரு ஸ்பனரும் சுத்தியலும் வைத்து மாற்றக்கூடிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். நான் தொழிற்சாலையில் பராமரிக்கிற இயந்திரங்களில் 40 டொலர்ச் சாமான் ஒன்றை மாற்ற முழு மூடியையும் கழற்றி, கடவுச்சொல் கேட்டு, கம்பனியிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

எல்லாவற்றிலும் மேலாக அந்தப் பிற்மன் தடி. இரும்பில் செய்திருக்கலாம்தானே? அது மரம். ஒவ்வொரு இழுவையிலும் வரும் அதிர்வை அது வாங்குகிறது. கத்தி ஒரு கல்லிலோ கம்பியிலோ அகப்பட்டுச் சிக்கினால், கத்தித் தலைக்கும் பற்சக்கரத்துக்கும் முன்னால் அது முறிகிறது. என்னுடையது உக்கிப்போயிருந்ததால் புதிதாய்ச் செய்தேன், ஆஷ் மரத்தில். ஒன்ராறியோவில் இப்போது ஆஷ் மரத்துக்குப் பஞ்சமில்லை, அதுவும் ஒரு துக்கம்தான். ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு ஒன்றை 2002இல் வின்ட்சரில் கண்டார்கள். அன்றிலிருந்து அது ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டே வருகிறது. செத்து நிற்கிற மரத்திலிருந்து நேர் நார் பார்த்துப் பிளந்து (அரியாமல் பிளக்க வேண்டும், அரிந்தால் நார் குறுக்கே ஓடும்) சீவி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தேன். குதிரைகளைப் பூட்டும் ஏர்க்காலும் அதே மரம். மிச்சத் துண்டில் இரண்டாவது பிற்மன் ஒன்றும் சீவச் சொன்னார் கிழவர். ஒன்று நல்லாய்த்தானே வந்திருக்கு என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

யூன் நடுப்பகுதி, மூன்று நாளுக்கு மழை இல்லை என்று வானிலையில் சொன்ன ஒரு காலை. திமொதிப் புல்லும் அல்ஃபால்ஃபாவும் இடுப்பளவு. அவருடைய குதிரைகள், என் இயந்திரம். முதல் இரண்டு சுற்று அவர் ஓட்டினார், நான் பின்னால் நடந்தேன். சத்தம் எப்படியென்றால், தையல் மிசினை நூறு மடங்கு பெருப்பித்ததுபோல. சீராக, உலர்ந்து. புல் வெட்டுப்பட்ட பிறகும் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் பின்னால் சாய்கிறது.

மூன்றாம் சுற்று நான் ஏறினேன். மூலையில் திரும்பும்போது உள் நுனியில் ஈரப் புல் அடைத்துக்கொண்டது. நான் குதிரைகளை நிறுத்தி, இறங்கி, சட்டத்துக்கு முன்னால் போய்க் குனிந்து கையை நீட்டினேன். கிழவர் வயலின் அந்தக் கரையிலிருந்து போட்ட கூச்சல் எனக்கு விளங்காத ஜேர்மனில் இருந்தது, ஆனால் விளங்கிற்று. ஓடி வந்து முதலில் குதிரைகளின் கயிற்றைப் பிடித்தார். பிறகு கியர் தடியைத் தட்டி விடுவித்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். இலையான் ஒன்று கடித்துக் குதிரை ஒரு காலடி எடுத்து வைத்தால் போதும், கத்தி நாலைந்து தரம் போய்வரும். நிலம்தான் எஞ்சின் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். எழுதத் தெரிந்தவனுக்குக் கை தெரியவில்லை. அவர் தன் இடது கையை விரித்துக் காட்டினார். சின்ன விரல் பாதிதான் இருந்தது. கியரை விடு, சட்டத்துக்குப் பின்னால் நில், தடியால் தட்டு. அவ்வளவும்தான் சொன்னார், இரண்டு தரம்.

அதற்குப் பிறகு ஒன்பதாம் சுற்றில், மர்மொட்டு (நிலத்தில் வளை தோண்டும் ஒரு விலங்கு) தோண்டி வெளியே போட்ட கல் ஒன்று. சத்தம் நின்றது. சில்லு உருள்கிறது, தட்டு சுழல்கிறது, கத்தி அசையவில்லை. குதிரைகளை நிறுத்தினேன், கியரை விட்டேன், சட்டத்தைச் சுற்றிப் பின்னால் வந்து பார்த்தேன். மூன்று வாரமாய் நான் சீவி எண்ணெய் போட்ட தடி நடுவில் சிலாம்பு சிலாம்பாய்ப் பிளந்து தொங்கியது. ஒரு தகடு நுனி போயிருந்தது. கத்தித் தலை அப்படியே. பற்சக்கரம் அப்படியே.

ஏர்க்காலின் அடியில் இரண்டு தோல்வாரால் கட்டியிருந்த மற்றத் தடியைக் கிழவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதை அங்கே எப்போது கட்டினார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு போல்ட், இரண்டு பட்டை, ஒரு துளி எண்ணெய். பத்து நிமிசம் போயிருக்கும். குதிரைகள் அதற்குள் வெட்டிய புல்லைத் தின்னத் தொடங்கிவிட்டன. இன்னும் ஆறு சுற்று இருந்தது, மேற்கே கொஞ்சம் மேகமும்.